மூக்குக்குப் பழம், நாக்குக்கு இலை

பீச் வாசம் சேர்த்த கிரீன் டீ பாக்கெட்டைப் பிரித்தால் சமையலறையே மணக்கும். அந்த மணத்தை நம்பி டீ போட்டு ஒரு வாய் குடித்தால் நாக்கில் கிடைப்பது கசப்பும் துவர்ப்பும்தான். பழம் எங்கே போனது? "ஏமாத்திட்டான்" என்று பாக்கெட்டை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பின்வரிசை உண்டு. லெமன், பீச், லிச்சி, மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி என்று ஒவ்வொன்றும் பாதியில் நின்றுபோன பாக்கெட்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வரிசையாகப் போட்டுக் குடித்துப் பார்த்தேன். ஏமாற்றம் என்று நான் நினைத்ததில் பாதிக்குத்தான் பாக்கெட் பொறுப்பு. மீதிக்கு என் மூக்கும் நாக்கும் பொறுப்பு.

சளி பிடித்த நாளில் ரசம் குடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புளிப்பு தெரியும், உப்பு தெரியும், மிளகு தொண்டையைச் சுடும். ஆனால் சீரகமும் பெருங்காயமும் கொத்தமல்லியும் காணாமல் போயிருக்கும். நாக்கு மட்டும் தனியாக உணரக்கூடியவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அவற்றோடு காளான் சூப்பில் தெரிவது போன்ற உமாமி. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து பெயர் வைத்தது இந்த ஐந்தாவது சுவைக்கு. காரம், துவர்ப்பு போன்ற தொடுவுணர்வுகளைத் தள்ளிவிட்டால் மற்ற அத்தனையும் வாசம். மென்று விழுங்கும்போது வாய்க்குள் எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அதை நாம் 'ருசி' என்று வாயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பழம் தின்னும்போது நாக்குக்குச் சர்க்கரையும் புளிப்பும் போகின்றன, மூக்குக்கு வாசம் போகிறது. சிறுவயதிலிருந்தே இவை சேர்ந்தே வந்து பழகியதால் மூளை இரண்டையும் ஒரே பொருளாக முடிந்து வைத்திருக்கிறது. பழவாசம் போட்ட டீ பேக் செய்வது என்னவென்றால், வாசத்தை மட்டும் அனுப்புகிறது. சர்க்கரை இல்லை, புளிப்பும் அநேகமாக இல்லை. அந்த இடத்தில் இலையின் கசப்பு வந்து உட்காருகிறது. இனிப்பை எதிர்பார்த்த நாக்குக்கு, சாதாரண கிரீன் டீயின் கசப்பே இரண்டு மடங்காகத் தெரியும். அதனால்தான் வெறும் கிரீன் டீயை முகம் சுளிக்காமல் குடிப்பவர்கள்கூட ஸ்ட்ராபெர்ரி கிரீன் டீயைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இலையைப் பற்றிக் கொஞ்சம். கிரீன் டீக்கென்று தனிச் செடி கிடையாது. நீலகிரியில் நம் பால் டீக்காகப் பறிக்கிற அதே செடியின் கொழுந்துதான். பறித்த இலையை நசுக்கிக் காற்றில் விட்டால் உள்ளிருக்கும் நொதி வேலை செய்து அதைக் கறுப்பாக்கும். பறித்த கையோடு சூடு காட்டி அந்த நொதியைக் கொன்றுவிட்டால் பச்சையாகவே நிற்கும். சீனாவில் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் வாட்டுகிறார்கள். அதில் வறுத்த பாசிப்பயறை நினைவூட்டும் ஒரு வாசம் இருக்கும். ஜப்பானில் ஆவியில் வேகவைக்கிறார்கள். அது கீரை வெந்த வாசம், கொஞ்சம் கடற்கரை வாசமும்கூட. பழத்தோடு சேர்க்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம். வறுத்த வாசம் பல பழங்களுக்கு இடம் கொடுக்கும். வெந்த கீரைக்குப் பக்கத்தில் மாம்பழத்தை வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பார்க்கலாம். ஜப்பானியர்கள் அந்த இலையோடு சேர்ப்பது யூசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலை. கீரைக்கு எலுமிச்சை பொருந்தும் என்பது எந்த ஊர் நாக்குக்கும் தெரியும்.

நொதி செத்துவிட்டதால் இலையில் உள்ள கேட்டச்சின்கள் என்ற பொருள்கள் மாறாமல் அப்படியே தங்குகின்றன. கசப்புக்கும் துவர்ப்புக்கும் இவைதான் முக்கியக் காரணம். துவர்ப்பு என்பது கண்டிப்பாகச் சொன்னால் சுவை அல்ல, தொடுவுணர்வு. எச்சிலில் வழுவழுப்புக்குக் காரணமான புரதங்களைக் கேட்டச்சின்கள் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் வற்றிய கீல் மாதிரி நாக்கு சொரசொரக்கிறது. மேல்நாட்டுச் சுவைப் பட்டியலில் இதற்கு இடமில்லை. நம் அறுசுவையில் உண்டு. வாழைப்பூ, மாவடு, கொட்டைப்பாக்கு, நாவற்பழம் என்று நாம் காசு கொடுத்து வாங்கித் தின்னும் சுவை அது. கிரீன் டீயைச் சுவைக்கப் பழகுவதில் தமிழ் நாக்குக்கு இப்படி ஒரு முன்பயிற்சி இருக்கிறது. பெருநெல்லியைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் அல்லவா? அதுபோல நல்ல டீயைக் குடித்துச் சற்று நேரம் கழித்துத் தொண்டையில் எழும் இனிப்பைச் சீனர்கள் 'ஹுய் கான்', அதாவது திரும்பி வரும் இனிப்பு என்கிறார்கள். இதை வாசம் சேர்த்த டீயிலும் தேட வேண்டும். பழவாசம் அடங்கிய பிறகு இது வந்தால் இலை நல்ல இலை.

இனி, பாக்கெட் படத்தில் பெரிதாகத் தெரியும் அந்தப் பழத்துண்டுகள். ஒரு டீ பேக்கில் இருக்கும் மொத்தச் சரக்கு ஏறக்குறைய 2 கிராம். அட்டையில் 'உலர்ந்த மாம்பழம் 5 சதவீதம்' என்று போட்டிருந்தால் ஒரு பேக்கில் 0.1 கிராம். மாம்பழத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே அந்த உலர்ந்த துணுக்கு, புதுப் பழத்தின் அரை கிராமுக்குச் சமம். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு துண்டை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுவிட்டு மாம்பழச் சாறு கேட்பது போன்றது இது. போதாக்குறைக்கு, பழத்தின் வாசம் காற்றில் பறக்கக்கூடியது. உலர்த்தும்போதே பெரும்பகுதி போய்விடும். சந்தேகமிருந்தால் டீ பேக்கில் அடைக்காமல் இலையாகவே வரும் பாக்கெட்டிலிருந்து பழத்துணுக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன். லேசாக மஞ்சள் ஓடிய வெந்நீர் கிடைத்தது. சாமந்தி இதழும் நீலப் பூவிதழும் இன்னும் நேர்மையானவை. அவை அழகுக்கு மட்டுமே என்று பார்த்தாலே தெரிகிறது.

ஒரு விதிவிலக்கு, செம்பருத்தியின் உறவான புளிச்சக்கீரைச் செடி. 'பெர்ரி' என்று பெயர் போட்ட கலவை சிவப்பாக இறங்கினால் அந்த நிறமும் புளிப்பும் பெர்ரியுடையவை அல்ல. ஆந்திரக்காரர்கள் கோங்குரா என்று கீரையைப் பறிக்கும் அந்தச் செடியின் பூவடியில் இருக்கும் சிவந்த புல்லிவட்டத்தை உலர்த்திச் சேர்த்திருப்பார்கள். தப்பில்லை. நாக்குக்குக் கொஞ்சம் புளிப்பு கிடைப்பதால் பழம் என்ற நம்பிக்கை உண்மையிலேயே கூடுகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் அதன் கீழே கிரீன் டீ இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

அப்படியானால் வாசம் எங்கிருந்து வருகிறது? இதற்கு ஒரு பழைய வழியும் ஒரு புதிய வழியும் உண்டு. பழைய வழியைப் பற்றிய சண்டை தேநீரைப் பற்றிய எழுத்தின் அளவுக்கே பழையது. எட்டாம் நூற்றாண்டில் சீனாவின் லு யூ எழுதிய தேநீர் நூலில், வெங்காயத் தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போட்டுத் தேநீரைக் கொதிக்கவைக்கும் வழக்கத்தைச் சாக்கடைத் தண்ணீர் என்று திட்டுகிறார். திட்டு ஒருபுறம் இருக்கட்டும். பழத்தோல் போட்ட டீ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் திட்டே சாட்சி. பதினோராம் நூற்றாண்டில் சாய் ஷியாங் என்ற அதிகாரி, அரண்மனைக்குப் போகும் தேநீரில் கொஞ்சம் கற்பூர வகை வாசனை சேர்ப்பதையும், தேநீர் விளையும் ஃபுஜியன் பகுதி மக்கள் இலையின் சொந்த மணம் பறிபோகும் என்று அப்படிச் சேர்க்காததையும் குறித்து வைத்திருக்கிறார். விளைவிப்பவர் சேர்க்க மாட்டார், வாங்கிக் குடிப்பவர் கேட்பார். இன்றும் அதே கதைதான்.

அந்த ஃபுஜியனிலேயே பிறகு இந்தக் கலை உச்சத்துக்குப் போனது, மல்லிகை டீயில். மதியம் பறித்த மொட்டுகள் மாலையில் வாய் திறக்கத் தொடங்கும்போது இலையோடு கலந்து குவித்துவிடுவார்கள். இரவு முழுக்கப் பூ மணத்தை வெளியிடும், இலை அதைக் குடிக்கும். குவியல் சூடேறினால் கிளறி ஆற்றுவார்கள். காலையில் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு, ஈரம் ஏறிய இலையை மறுபடி உலர்த்துவார்கள். அடுத்து புதுப் பூவோடு இன்னொரு இரவு. தரம் கூடக்கூட இரவுகளின் எண்ணிக்கையும் கூடும். ஆறேழு முறைகூடப் போகும். கடைசியில் பெரும்பாலான உயர்ந்த ரகங்களில் ஒரு பூவிதழ்கூட இருக்காது. இருப்பதெல்லாம் மணம்தான். அந்தப் பூ வேறு ஏதோ சீனத்துப் பூ அல்ல. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் அதே இனம். சாயங்காலம் மொட்டாகக் கட்டிய சரம் இரவில் தலையில் விரிவதைப் பார்த்தவர்களுக்கு, சீனர்கள் ஏன் அந்த நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

உலர்ந்த தேயிலைக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதுதான் இந்தக் கலைக்கு அடிப்படை. நம் வீடுகளில் அதுவே வினையாகவும் முடியும். கிரீன் டீ டப்பாவைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வாரத்தில் என்ன கலவை தயாராகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பூவுக்கு இந்த முறை சரி. பீச்சையும் மாம்பழத்தையும் இலையோடு ஓர் இரவு குவித்து வைத்தால் ஈரத்தில் பூஞ்சைதான் பிடிக்கும். ஆகவே புதிய வழி: சுழலும் பீப்பாயில் இலையைக் கொட்டி, உருளும்போதே வாசனைத் திரவத்தைத் தெளிப்பது. டீ பேக்குகளுக்கு அந்தத் திரவத்தை மாவுப்பொருளில் பொதிந்து குருணையாக்கிச் சேர்ப்பதும் உண்டு. பேக்கைக் கிழித்துப் பார்த்தால் இலைத்தூளுக்கு நடுவே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும் மணிகள் அநேகமாக அவைதான். வாசம் சேர்த்த தேயிலை என்பதையும் என்ன வாசம் என்பதையும் அட்டையில் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. அந்த வாசம் இயற்கையானதா, இயற்கையை ஒத்ததா, செயற்கையானதா என்ற மூன்று வகைச் சொல்லும் பொடி எழுத்தில் எங்காவது இருக்கும். 'இயற்கையை ஒத்தது' என்றால் பழத்தில் இருக்கும் அதே மூலக்கூறு, ஆனால் ஆலையில் செய்தது. மூக்குக்கு அந்த மூலக்கூறின் பிறந்த ஊர் தெரியாது. தெரிவது வேறொன்று. உண்மையான பழத்தின் மணம் நூற்றுக்கணக்கான பொருள்கள் சேர்ந்த கூட்டம். மலிவான வாசனையில் அந்தக் கூட்டத்தின் நாலைந்து தலைவர்கள் மட்டும் வந்திருப்பார்கள்.

என் ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைகளுக்கு வருகிறேன். சில பழங்கள் இலையோடு ஒட்டின, சில கடைசிவரை ஒட்டவே இல்லை. காரணம் ஓரளவு வேதியியலிலேயே இருக்கிறது. தேயிலையின் சொந்த மணத்திலேயே லினலூல், ஜெரானியால் என்ற பூ வாசப் பொருள்கள் உண்டு. புல் வெட்டியதும் எழும் பச்சை வாசமும் உண்டு. இவற்றுக்கு உறவுக்காரப் பழம் வந்தால் இலை அதை வீட்டுக்குள் விடும்.

லிச்சி அப்படிப்பட்ட உறவு. அதன் மணத்தில் பாதி ரோஜா, அதே லினலூலும் ஜெரானியாலும். கோப்பையில் இலை எங்கே முடிகிறது, பழம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியவில்லை. ஐந்து பழக் கோப்பைகளில் நான் காலி செய்தது இதை மட்டும்தான்.

லெமன் எளிதில் ஒட்டும், எளிதில் கெடவும் கெடும். எலுமிச்சையின் அடையாளமான சிட்ரல் காற்றுபட்டால் சிதையும். பிரித்து மூன்று மாதமான பாக்கெட்டில் எலுமிச்சைக்குப் பதிலாகத் தரை துடைக்கும் திரவத்தின் ஞாபகம் வந்தால் அதுதான் காரணம். எலுமிச்சைப்புல் சேர்த்த கலவைகளில் இந்தத் தொல்லை குறைவாகவே பட்டது. அந்தப் புல்லின் எண்ணெயில் பெரும்பங்கு அதே சிட்ரல்தான். ஆனால் அது இலைக்குள் பத்திரமாக அடைபட்டிருக்கிறது. இன்னும் எளிய வழி, வெறும் கிரீன் டீயில் எலுமிச்சைத் தோலை ஒரு கீற்று சீவிப் போடுவது. வாசம் தோலில்தான் இருக்கிறது. சாற்றில் இருப்பது புளிப்பு.

பீச் எனக்கு வியப்பைத் தந்தது. அதன் மணத்துக்கு முதுகெலும்பு லாக்டோன்கள் என்ற வகைப் பொருள்கள். தேங்காயிலும் வெண்ணெயிலும் இதே குடும்பத்தார் உண்டு. அதனாலோ என்னவோ, பாலே இல்லாத கோப்பையில் ஏதோ பாலேடு பட்டது போன்ற மயக்கம் வருகிறது, துவர்ப்பும் கொஞ்சம் அடங்கியதாகத் தோன்றுகிறது. ஆனால் சூடு குறைந்ததும் இந்த மயக்கம் கலைந்துவிடும். முதல் பத்து நிமிடத்துக்கான டீ அது.

மாம்பழத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊர்க்காரருக்கு மாம்பழம் என்று ஒன்று கிடையாது. இமாம்பசந்து உண்டு, பங்கனப்பள்ளி உண்டு, மல்கோவா உண்டு. பாக்கெட்டில் இருந்தது இவை எதுவும் இல்லை. பாட்டிலில் வரும் மாம்பழ பானத்தின் வாசம், அதன் சர்க்கரை இல்லாமல். விசித்திரம் என்னவென்றால், மாங்காய்க் காம்பை ஒடித்தால் வடியும் பாலின் காரமான வாசம் கிரீன் டீக்கு நன்றாகவே பொருந்தும். அதிலிருக்கும் டெர்ப்பீன்கள் என்ற வாசப் பொருள்கள் எலுமிச்சைத் தோலின் உறவுகள். பழுத்த மாம்பழத்தை விட்டுவிட்டு மாங்காயைப் பிடித்திருந்தால் அந்தக் கலவை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஸ்ட்ராபெர்ரி முழுத் தோல்வி. அந்தப் பழத்தின் உயிர் சர்க்கரைப் பாகு காய்ச்சும் வாசம். பாகு வாசம் வந்து சர்க்கரை வராவிட்டால் நாக்கு மன்னிக்காது. மலிவான வாசனையில் ஸ்ட்ராபெர்ரி ஆல்டிஹைடு என்று தொழிலில் அழைக்கப்படும் ஒரு செயற்கைப் பொருளும் சேரக்கூடும். இளஞ்சிவப்பு கிரீம் பிஸ்கட்டின் வாசம் அது. எனக்கு நினைவில் வந்தது சிறுவயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய மருந்து.

இவற்றையெல்லாம் சரியாகக் கண்டுபிடிக்க ஆறாவது கோப்பை ஒன்று வேண்டும்: எதுவும் சேர்க்காத கிரீன் டீ. அதை அவ்வப்போது ஒரு மிடறு குடித்துக்கொண்டால்தான் எது இலை, எது வாசனை என்று பிரித்தறிய முடியும். தேயிலையை மதிப்பிடும் தொழில்முறை டேஸ்டர்களுக்கு 1980இல் வந்த ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். அது ருசியாகப் போடுவதற்கான முறை அல்ல, குறைகளைக் கக்கவைப்பதற்கான முறை. வீட்டில் கிரீன் டீயை அப்படிப் போட்டால் கஷாயம்தான். அந்த 2 கிராமுக்கு 200 மில்லி, 80 டிகிரிக்குச் சற்றுக் கீழே, இரண்டு நிமிடம் போதும். தெர்மாமீட்டர் வேண்டாம். மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பானைத் தண்ணீரை ஊற்றினால் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். டீ கசக்கிறது என்று குறை சொல்கிறவர்களில் பலர் கொதிநீரை நேரே ஊற்றி, பேக்கைக் கப்பிலேயே மிதக்கவிட்டு, போன் பேசி முடித்துவிட்டு வருகிறவர்கள். கேட்டச்சின் சூட்டில்தான் வேகமாக இறங்கும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். கடினத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் போட்டால் மேலே ஆடை படியும், நிறம் பழுப்பாகும், எந்தப் பழத்தின் மணமும் மந்தமாகிவிடும். லிச்சியையே அந்தத் தண்ணீரில் போட்டபோது அடையாளம் தெரியவில்லை.

முதலில் காய்ந்த இலையை முகரலாம், ஆனால் அதை நம்பக் கூடாது. பாக்கெட் பேசுவது அந்த நேரத்தில்தான். வடித்த பிறகு ஈர இலையை முகர்ந்தால் பாதி உண்மை தெரியும். பிறகு சத்தம் கேட்க உறிஞ்ச வேண்டும். வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. குன்னூரில் தொழிலாகச் சுவைப்பவர்களும் அப்படித்தான் உறிஞ்சுவார்கள். திரவம் சிதறிக் காற்றோடு கலந்தால்தான் வாசம் பின்வழியாக மூக்குக்கு ஏறும். விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பாருங்கள். பழம் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகு கோப்பையை ஆறவிட்டு இன்னொரு முறை குடிக்க வேண்டும். வாசனைத் திரவியம் சூட்டோடு பறந்துபோயிருக்கும். மட்டமான தூளை வாசத்தால் மூடியிருந்தால் இந்த ஆறிய கோப்பையில் குட்டு வெளிப்பட்டுவிடும். என் வரிசையில் இரண்டு பாக்கெட்டுகள் இந்த இடத்தில் வெறும் கசப்புத் தண்ணீராக நின்றன.

உடம்பு இளைக்கும் என்ற எதிர்பார்ப்போடு குடிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. ஒன்று மட்டும்: சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை குறைக்கும். சோகை உள்ளவர்கள் இடைவெளி விட்டுக் குடிப்பது நல்லது.

தைவானியக் கடைகளில் பாஷன் ஃப்ரூட் கிரீன் டீ ஒன்றை வாங்கிக் குடித்தவர்கள், "அதில் மட்டும் பழம் அப்படித் தெரிகிறதே" என்பார்கள். அங்கே சாறோ பாகோ உண்மையிலேயே ஊற்றுகிறார்கள். சர்க்கரையும் புளிப்பும் நாக்கின் பங்கை நாக்குக்குக் கொடுத்துவிடுகின்றன. அடியில் இருப்பது பெரும்பாலும் மல்லிகை கிரீன் டீ. ஐஸ் போட்டுத் தருவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளிரில் கசப்பு மங்கிவிடும்.

அந்தச் சூட்சுமத்தைச் சர்க்கரை இல்லாமலும் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் எட்டு கிராம் இலையைப் போட்டு ஆறு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் கேட்டச்சினும் காஃபீனும் குறைவாகவே இறங்கும். இலையில் இனிப்பும் உமாமியும் தருகிற தியானின் என்ற அமினோ அமிலம் குளிரிலும் நன்றாக இறங்கிவிடும். இப்படிப் போட்டபோது பின்வரிசையில் தள்ளப்பட்ட பீச் பாக்கெட்டுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஸ்ட்ராபெர்ரிக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் வாசம் சேர்க்காத சாதா கிரீன் டீயை அதேபோல ஊறவைத்து, பாதி பழுத்த வெள்ளைக் கொய்யாவைத் தோலோடு மெல்லிய வில்லைகளாக வெட்டிப் போட்டேன். கொய்யாவிலும் பச்சை வாசம் உண்டு, துவர்ப்பும் உண்டு. மாலையில் எடுத்து ஊற்றியபோது மகள் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பும் மிளகாய்த்தூளும் எங்கேப்பா?" என்றாள். போட்டுக் குடித்தோம்.